தீவில் ஒரு சைட்டு

மைசூரில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, நிலம் பார்ப்பது. வாங்குவது வேறு சங்கதி. அது இன்றுவரை நடந்ததில்லை. காலை டிபன் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுப்பார், புரோக்கர் யாரையாவது வரச்சொல்லுவார், ஏதாவதொரு லேஅவுட்டைச் சுற்றி வந்து எல்லைக்கல் எண்ணிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார். மைசூரில் மனைக்குப் பெயர் சைட்டு. அளவு கேட்டால் யார் வாயிலும் 'முப்பதுக்கு நாற்பது'தான். 1,200 சதுர அடி, நம் கணக்கில் அரை கிரவுண்டு. மனை பிரித்துக் கொடுப்பதில் அந்த ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. பிளேக் நோய் வந்து போன பின், நகர விரிவுக்கென்றே ஒரு டிரஸ்ட் போர்டை 1903-லேயே அமைத்த ஊர் அது. அப்படி விரிந்த யாதவகிரியில்தான் ஆர்.கே. நாராயண் வீடு கட்டினார். அதை 2011-இல் இடிக்க ஆரம்பித்து, ஊர் சத்தம் போட்டதால் பாதியில் நிறுத்தி, இன்று நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். எழுத்தாளன் வீடானாலும் மைசூரில் மனைக்குத்தான் முதல் மரியாதை.

இந்த முறை நான் போயிருந்தபோது மாமா சொன்னார்: "மாப்ளே, நீ ஸ்ரீரங்கத்துக்காரன். உனக்குன்னே ஒரு இடம் வச்சிருக்கேன். காவேரிக்கு நடுவுல."

ஸ்ரீரங்கப்பட்டணத்தைத்தான் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தாலும், நாங்கள் யாரும் எங்களைத் தீவுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. பாலம் தாண்டினால் திருச்சி, அவ்வளவுதான். ஆனால் இதே ஆறு இன்னும் இளசாக ஓடும் இடத்தில், இதே ரங்கநாதர் இதே மாதிரி படுத்திருக்கும் இன்னொரு தீவு உண்டு என்று பாட்டி சொல்லிச் சின்ன வயதிலேயே தெரியும். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், எங்களூர் அந்தியரங்கம். மூன்றும் காவிரி இரண்டாகப் பிரிந்து சேரும் தீவுகள்.

மைசூரிலிருந்து பழைய பெங்களூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். போகிற வழியிலேயே மாவட்டம் மாறிவிடுகிறது. தீவு மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது. பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். நான் பார்த்து வளர்ந்த காவிரி மணல் ஆறு. இது பாறை ஆறு. யானை யானையாகக் கருங்கற்கள் கிடக்க, அவற்றுக்கு நடுவே தண்ணீர் நூறு வாய்க்காலாகப் பிரிந்து சத்தத்தோடு ஓடுகிறது. ஒவ்வொரு பாறையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, கரையோடு கரையாக, கோட்டைச் சுவர். தண்டவாளம் கோட்டைக்குள்ளேயே புகுந்து மறுபுறம் வெளியேறுகிறது. அந்தப் பாதையை இரட்டை வழியாக்கியபோது குறுக்கே நின்றது திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று. இடிக்கவில்லை. சுமார் ஆயிரம் டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை 2017-இல் அடியோடு தூக்கி, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்திக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள். மனையை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவது நடக்கிற காரியம்தான் என்று அங்கே நின்றபோது தெரிந்தது.

புரோக்கர் கோட்டைக்கு வெளியே டீக்கடையில் காத்திருந்தார். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். கன்னடத்தில் நனைந்த தமிழ். "வாங்க சார். நாலு பக்கமும் நீரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரிவர் வ்யூ" என்று ஆரம்பித்தார். கிழக்கே கஞ்சாம் பக்கம் கூட்டிப்போய், கரும்புக் கொல்லையை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். குண்டே கணக்கில் பேசினார். ஒரு குண்டே 1,089 சதுர அடி, நம் சென்ட்டில் இரண்டரை; நாற்பது குண்டே சேர்ந்தால் ஏக்கர். அவர் சொன்ன விலையைக் கேட்டு மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவரிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

விலை ஏன் ஏறியது என்று கேட்டால் புரோக்கரிடம் ஒற்றை வரியில் பதில் இருந்தது: "ரோடு சார்." 2023 மார்ச் 12-ஆம் தேதி திறந்த பெங்களூர் – மைசூர் விரைவுச்சாலையைச் சொல்கிறார். சுமார் 118 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் பிடித்த பயணம் ஒன்றரை மணிக்குள் வந்துவிட்டது. பிடதி, ராமநகரம், மத்தூர், மண்டியா போலவே ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் அந்தச் சாலை பைபாஸில் தாண்டிப் போகிறது. ஊருக்குள் நிற்காத சாலை, ஊரின் நிலத்துக்கு விலை வைத்துவிட்டது. அதற்கு முன்னால் 2020-இல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம் என்று வழிவிட்டார்கள். சட்டம் ஒரு கதவைத் திறந்தது, சாலை இன்னொன்றை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் வாரக்கடைசி வீட்டுக்கு ஆற்றங்கரை தேடி வருவது அதன்பிறகுதான் மும்முரமானதாம்.

தீவு என்றால் இத்தனை பேருக்கு ஏன் ஆசை? கூட்டவே முடியாத சரக்கு என்பது ஒரு காரணம். மைசூர் ரிங் ரோட்டுக்கு அப்பால் இன்னும் நூறு லேஅவுட் போடலாம். தீவில் அது நடக்காது. நீளம் சுமார் மூன்று மைல், அகலம் ஒரு மைல். காவிரி போட்ட எல்லைக்கல் அது. சிங்கப்பூரில் வெளிநாட்டுக்காரர் தனி வீடு வாங்க வழியுள்ள ஒரே இடம் செந்தோசா தீவின் ஒரு மூலைதான். அதற்கும் அரசு அனுமதி வேண்டும். அங்கே கடலை நிரப்பி மனை போட்டார்கள். இங்கே ஆறு அதற்கு இடம் கொடுக்காது. இருக்கிற தீவையே ஆறு எடுத்துக்கொள்வதும் உண்டு: அஸ்ஸாமின் மஜூலித் தீவைப் பிரம்மபுத்திரா நூறு வருஷமாகத் தின்று பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்டது.

புரோக்கர் காட்டிய நிலத்தை விட, அந்தத் தீவை இதற்கு முன் யார் யார் எப்படிக் கைமாற்றினார்கள் என்ற கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் பத்திரமே ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர் பேரில். அங்கிருந்து கிளம்பி வந்த ராமானுஜருக்கு, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் ஆற்றின் இரு கரையிலும் எட்டுக் கிராமங்களை எழுதிக்கொடுத்தான் என்கிறார்கள். அஷ்டகிராமம் என்ற பெயர் வெள்ளைக்காரன் கெசட்டியர் வரை வந்திருக்கிறது. 1454-இல் கோட்டை எழும்பியது. 1610-இல் ராஜ உடையார், விஜயநகரத்தின் பிரதிநிதியிடமிருந்து தீவைப் பிடித்துத் தலைநகராக்கினார். உடையார்களின் தசரா தொடங்கியது அந்த வருஷம், இந்தத் தீவில்தான். இன்று மைசூரில் கூட்டம் அம்மும் தசராவுக்குச் சொந்த ஊர் இது.

கண்டீரவ நரசராஜ உடையார் செய்த ஒரு வேலையைப் பார்த்து அசந்துபோனேன். நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிற ஊருக்கு வாய்க்கால் வெட்டினார். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, ஊர் மேட்டில் இருக்கிறது. அதனால் மேலே வேறொரு இடத்தில் அணை கட்டி, தண்ணீரைத் திருப்பி, ஆற்றின் ஒரு கிளைக்கு மேலேயே பாலம் போட்டு அதன்மீது வாய்க்காலை ஓட்டிக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். கீழே காவிரி, மேலே காவிரி. அந்தக் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், கட்டிய அணையால் ஆற்றுக்குள் உருவான திட்டுகள்தான் ரங்கனதிட்டு. அங்கே குடியிருப்பு முழுக்கப் பறவைகளுக்கு. சாலிம் அலி எடுத்துச் சொல்லி, 1940-இல் மைசூர் அரசு அதைச் சரணாலயமாக்கியது. படகில் போனால் மூங்கில் புதரில் நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள்மூக்கனும் கிளைக்குக் கிளை கூடு வைத்திருக்கின்றன. கீழே பாறையில் முதலை வாய் பிளந்து கிடக்கிறது. இடநெருக்கடி அங்கேயும் உண்டு. ஒரு கிளைக்கு இரண்டு குடும்பம் சண்டை போட்டதைப் பார்த்தேன்.

தீவின் உச்ச விலை திப்பு காலத்தில். கஞ்சாமைப் பேட்டையாக்கி, சிராவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கைவினைஞர்களைக் கொண்டுவந்து இறக்கினார். 1784-இல் ஆற்றோரம் தேக்கு மரத்தில் கட்டிய தரியா தௌலத் இன்றும் நிற்கிறது. வெளியே பச்சைத் திரை தொங்கவிட்டிருக்கிறார்கள், உள்ளே வெயில் பட்டால் ஓவியம் போய்விடும் என்று. மேற்குச் சுவர் முழுக்க ஒரு யுத்தம். நமக்குத் தெரிந்த ஊர்: காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் பொள்ளிலூர், 1780. காயம்பட்ட ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார், வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது, அத்தனை களேபரத்திலும் குதிரைமீது திப்பு நிதானமாக ரோஜாப்பூ முகர்கிறார். திப்பு விழுந்த பிறகு இதே மாளிகையில் குடியேறியவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன். தம் ஆட்கள் தோற்ற சண்டையைச் சுவரில் பார்த்துக்கொண்டேதான் தினமும் காபியோ டீயோ குடித்திருக்க வேண்டும். நான் அங்கே அதிக நேரம் நின்றது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

1799 மே 4-ஆம் தேதி கோட்டை விழுந்தது. திப்பு காலத்தில் ஒன்றரை லட்சம் பேர் இருந்த தீவில், மறு வருஷம் பிரான்சிஸ் புகானன் வந்து பார்த்தபோது 31,895 பேர். 1901-இல் 8,584. நூறே வருஷத்தில் இப்படிச் சரிந்த ஊர் நம் பக்கத்தில் வேறெது என்று யோசித்துப் பார்க்கிறேன். தலைநகரம் மைசூருக்குப் போனது. திப்புவின் அரண்மனையில் இப்போது அடித்தளமும் புல்லும்தான் மிச்சம். அதன் உத்தரங்களை யானை இழுக்க, மலை ஏற்றிக் கொண்டுபோய் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச் கட்டினார்கள். 1829-இல் அடிக்கல் போட்ட கோயில். ஊட்டிக்குப் போகிறவர்கள் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், தீவின் மரம் அங்கே இருக்கிறது.

மிச்சமிருந்த விலையையும் இறக்கியது கொசு. கம்பெனிப் படை காய்ச்சலில் சுருண்டு விழ, தாங்காமல் பெங்களூருக்கு மாறியது. 1809-இல் அங்கே கண்டோன்மென்ட் எழுந்தது. காய்ச்சலுக்குப் பலியானவர்கள் ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக இருக்கிறார்கள், 300-க்கும் மேற்பட்ட கல்லறைகள். தெ மெரான் என்ற ஸ்விஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் பலர். பக்கத்தில் ஆற்றைப் பார்த்தபடி ஸ்காட் பங்களா. ஒரே நாளில் மனைவியையும் பெண்களையும் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்காட் துரை மேஜை நாற்காலியைக்கூடத் தொடாமல் கிளம்பிப்போனார், மகாராஜா வீட்டை அப்படியே பாதுகாத்தார் என்பது ஊர்க்கதை. "அந்த வீட்டுக்கு இருக்கிற வ்யூ மைசூரிலேயே கிடையாது சார்" என்றார் புரோக்கர். அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

நிலத் தரகில் இதைவிடப் பெரிய பரிமாற்றம் எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை: போருக்குப் பின் தீவு ஆங்கிலேயருக்குச் சொந்தம், மைசூர் சமஸ்தானம் அதை வருஷத்துக்கு 50,000 ரூபாய் குத்தகைக்கு எடுத்திருந்தது. 1881-இல் ராஜ்யத்தை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தபோது தீவையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு பெங்களூர் கண்டோன்மென்ட் நிலத்தைத் தங்களுக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்றைய எம்.ஜி. ரோடும் அல்சூரும் ஒரு தட்டில், காய்ச்சல் பிடித்த இந்தத் தீவு மறு தட்டில்.

கோட்டைக்குள் கோயில் தெருப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றின் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மாமா கன்னடத்தில் பேச்சுக் கொடுக்க, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டி தமிழுக்கு மாறினார். மண்டியம் ஐயங்கார் குடும்பம். வீட்டுத் தமிழ் தலைமுறை தலைமுறையாகக் கன்னடத்தின் நடுவே தனித்து வளர்ந்தது. சில சொற்கள் புரியவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எங்கிருந்து வருகிறேன் என்றதும், "ஸ்ரீரங்கமா? அப்போ நீங்கோ கீழ் வீட்டுக்காரா" என்று சிரித்தார். தண்ணீர் கொடுத்தார். வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ஓட்டைப் பிரிச்சு மாடி எடுக்கணும்னா டில்லியைக் கேக்கணும். ஆத்துல தண்ணி வந்தா மட்டும் யாரையும் கேக்காம வரது" என்றார்.

டில்லி என்று அவர் சொன்னது, புராதனச் சின்னங்களைக் காக்கும் சட்டத்தை. 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதுவும். நகரத்தில் ஒரு சின்னம் இருந்தால் நாலு தெருவுக்குத்தான் தொந்தரவு. இங்கே கோயில், கோட்டைச் சுவர், மசூதி, நிலவறை, திப்புவின் கல்லறை மாடமான கும்பஸ் என்று தீவெங்கும் சின்னங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டால் கோட்டைக்குள் காலி இடம் எவ்வளவு மிஞ்சும்? யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இந்தத் தீவு 2014 முதல் இருக்கிறது. ஊரைக் காப்பாற்றியது அந்தச் சட்டம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் செலவைப் பாட்டி வீட்டு ஓடு சுமக்கிறது என்பதிலும் இல்லை. எங்களூரில் வேறு விதச் சிக்கல்: வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையது என்று வருஷக்கணக்காக வழக்கு, பத்திரப்பதிவு முடியாமல் திண்டாட்டம். ரங்கநாதர் படுத்த இடத்திலெல்லாம் பட்டா சுலபமில்லை போலும்.

பாட்டி சொன்ன தண்ணீர்தான் என்னை ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. கே.ஆர்.எஸ். அணை தீவுக்குச் சற்று மேலே. முழு மட்டம் 124.80 அடி. ஆடி மாதத்தில் 'கே.ஆர்.எஸ். அணையிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு ஒரு லட்சம் கன அடியாக அதிகரிப்பு' என்று செய்தி வாசித்தால் திருச்சியில் நாங்கள் சந்தோஷப்படுவோம். மேட்டூர் நிறையும், பதினெட்டாம் பெருக்குக்குத் தண்ணீர் உண்டு. அதே எண்ணைக் கேட்டு இங்கே அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறார்கள். 2019 ஆகஸ்டிலும் 2024-லும் அளவு லட்சத்தைத் தாண்டியது. ரங்கனதிட்டில் படகை நிறுத்தினார்கள். 1804-இல் திவான் பூர்ணய்யா கல்தூண் நட்டுக் கட்டிய வெல்லெஸ்லி பாலத்தை வெள்ளம் தொட்டுக்கொண்டு போகும். ஒரே செய்தியில் இரண்டு தீவுக்கு இரண்டு மனசு.

சாயங்காலம் தீவின் கிழக்கு முனைக்குப் போனோம். வடக்கே ஒரு காவிரி, தெற்கே ஒரு காவிரி, கண்ணெதிரே சேர்ந்து ஒன்றாகிறது. பரிசல்காரர்கள் சவாரிக்குக் கூப்பிட்டார்கள். எங்கிருந்தோ வெல்லப்பாகு வாசனை. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் படியில் இறங்கிக் கால் நனைத்தார்கள். பெங்களூர்ப் பதிவெண் வண்டிகள் நிறைய. ஒரு வண்டியின் பின் இருக்கையில் லேஅவுட் விளம்பரச் சீட்டுக் கட்டு கிடந்தது. காற்று அப்படியிருந்தது, அந்த நேரத்தில் யாராவது பத்திரத்தை நீட்டியிருந்தால் மாமா கையெழுத்துப் போட்டிருப்பார். நல்லவேளை, புரோக்கர் முன்பே கிளம்பிவிட்டார்.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஸ்ரீரங்கப்பட்டணம் பார்க்க வேண்டிய தீவு, தங்கி இரண்டு விடியல் பார்த்தால் இன்னும் நல்லது. அங்கே குடியிருக்கும் உரிமை அதன் வெள்ளத்தோடும் சட்டத்தோடும் காலங்காலமாக ஒத்துப்போகும் பாட்டி மாதிரி ஆட்களுடையது. வாரக்கடைசி வீட்டுக்கு அது இடமில்லை. ஆசை விடாதவர்கள் பஹணி (நில உரிமைப் பதிவு), காத்தா (சொத்துவரிக் கணக்கு), விளைநிலத்தை மனையாக மாற்றிய கலெக்டர் உத்தரவு மூன்றையும் கேளுங்கள். பக்கத்துப் புராதனச் சின்னத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் கொடுக்கும் முன், அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்ட ஆகஸ்டு நாள் ஒன்றில் போய் அந்த மனையில் நின்று பாருங்கள். ஜனவரியில் எந்த ஆற்றங்கரையும் அழகாகத்தான் இருக்கும்.